நாற்பது வாய்கள்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மனிதனால் கண் சொருகாமல் எவ்வளவு நேரம் இசை கேட்க முடியும் என்று யாராவது என்னைக் கேட்டால், எட்டு நிமிடம் என்பேன். ரசனை இல்லாமல் சொல்லவில்லை. வாழ்நாளில் பாதியை இசையமைப்புக் கற்றுக்கொடுப்பதில் கழித்தவன் நான். தேசிய மதிப்பீட்டுக் குழுவில் ஒரு சுற்று உட்கார்ந்து எழுந்தவனும்கூட. எங்கள் முன்னால் வந்து குவிந்த படைப்புகளை எல்லாம் முழுதாகக் கேட்டு, முழுதாகப் பார்த்து, உள்ளே நடக்க வேண்டியவற்றுக்குள் நடந்தும் முடித்திருந்தால், கூட்டம் நடந்த அந்த ஓட்டலிலேயே எங்களுக்கு ஓய்வு வயது வந்திருக்கும். முதலில் எட்டு நிமிடம், நடுவில் இரண்டு, கடைசியில் ஒன்று. இதுதான் நடைமுறை. யாரும் வெளியே சொல்வதில்லை.

இன்ஸ்பெக்டர் கார்ஸைட், போன வாரம் நீங்கள் என் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்துகொண்டு, "அந்த ஒலிப்பதிவை நீங்களே எப்படிங்க அனுப்பி வெச்சீங்க?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. உங்கள் குரலில் ஒரு கிண்டல் இருந்ததோ என்று எனக்குச் சந்தேகம், போகட்டும். அதற்கான பதில் மேலே இருக்கும் பத்திதான். மற்றதையும் நானே எழுதித் தருகிறேன் என்றேன். நான் சொல்லச் சொல்ல உங்கள் ஆட்கள் எழுதினால் வாக்கியங்கள் சரியாக வராது.

எங்கள் தொழிலைப் பற்றிச் சற்று விளக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, நாட்டிலுள்ள பல்கலைக்கழகங்களின் ஆய்வுகளை எல்லாம் எடைபோட்டு நட்சத்திரம் வழங்குவார்கள். வேதியியல்காரர்களுக்குக் கவலை இல்லை. கட்டுரை எழுதுவார்கள், அனுப்புவார்கள். இசை, நடனம், மண்பாண்டம் என்று இருக்கும் எங்களிடம் கட்டுரை ஏது? படைப்புதான் இருக்கிறது. ஒரு பாட்டு எப்போது ஆய்வு ஆகும்? அது ஏதோ ஒரு கேள்விக்கு விடை தேடியது என்று முந்நூறு சொற்களில் எழுதிக் கூடவே வைத்தால் ஆகும். சிரிக்காதீர்கள். அந்த முந்நூறு சொற்களில்தான் எங்கள் பிழைப்பு இருக்கிறது.

புதுமை, முக்கியத்துவம், கறார் என்று மூன்று அளவுகோல்கள். நான்கு நட்சத்திரம் என்றால் உலகத்தரம். இரண்டு என்றால், ஊருக்குள் பரவாயில்லை என்பதைக் கௌரவமாகச் சொல்வது. யாருக்கு எத்தனை என்று தனித்தனியாக அறிவிக்க மாட்டார்கள். ஆனால் கூட்டிக் கழித்துப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு மறைக்கவும் முடியாது. என் இசைக்கு இரண்டு.

கடந்த சுற்றுக்கு முன்னால் துணைவேந்தருக்கு அடுத்த இடத்தில் இருக்கும் பிலிப்பா ரேக்ஸ் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். தட்டில் பிஸ்கட் வைத்து நகர்த்தினார். அவர் பிஸ்கட் நகர்த்தினால் யாருக்கோ வேலை போகப்போகிறது என்று எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"டெஸ்மண்ட், இந்தத் தடவை உங்க துறையிலேர்ந்து நாலு நட்சத்திரம் ஒண்ணாவது வந்தே ஆகணும்."

"வரலைன்னா?"

"உங்க துறைய மேலாண்மைத் துறையோட சேர்த்துடுவோம். பயப்படாதீங்க, படைப்புத் தொழில்முனைவுன்னு ஒரு நல்ல பேரு வெச்சிருக்கோம். எடுத்துக்கோங்க, இஞ்சி பிஸ்கட்."

அந்தத் துறையை ஒரு காலிக் கொட்டகையிலிருந்து நான் கட்டி எழுப்பினேன். மனைவி போனபின் எனக்கு இருந்தது அது ஒன்றுதான். பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நான்கு நட்சத்திரம் வாங்கக்கூடிய ஆள் எங்களிடம் ஒரே ஒருத்திதான் இருந்தாள்.

நெரிஸ் ப்ரோபர்ட்டை வேலைக்கு எடுத்தவன் நான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வேல்ஸிலிருந்து வந்த மண்பாண்டக்காரி அவள். களிமண் பிசைகிறவளை ஒலிக்கலைத் துறைக்கு எதற்கு எடுக்க வேண்டும் என்று தேர்வுக் குழுவில் எல்லோரும் முகத்தைச் சுளித்தபோது, அவளுக்காக ஒரு மதியம் முழுக்க மல்லுக்கு நின்றேன். அவளுக்கே அது தெரியாது. நான் சொல்லிக் காட்டுகிறவன் இல்லை.

அவளுடைய படைப்பை உங்களுக்கு இப்போது மனப்பாடமாகவே தெரிந்திருக்கும். எங்கள் ஊர் ஹெல்ஸ்வெயிட் விரிகுடாவில் தினமும் கடல் உள்வாங்கும்போது கண்ணுக்கெட்டிய தூரம் மணல்தான். அந்த மணலில், பருத்த வயிறும் குறுகிய கழுத்துமாகத் தானே சுட்ட நாற்பது ஜாடிகளைக் கழுத்தளவு புதைப்பாள். கடல் திரும்பி வரும்போது தண்ணீர் ஒவ்வொரு ஜாடியின் அடித்துளை வழியாகவும் ஏறும். உள்ளே இருக்கும் காற்று வாய் வழியாக வெளியேறும். ஒவ்வொன்றும் ஒரு சுருதியில் முனகும். கடைசி ஜாடியும் மூழ்கியதும் மௌனம். சில ஜாடிகளின் கழுத்தில் நனையாத உறைக்குள் ஒலிப்பதிவுக் கருவி இருக்கும். அதற்கு 'நாற்பது வாய்கள்' என்று பெயர். முதல் முறை கேட்டபோது காருக்குள் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷமா பொறாமையா என்று கேட்டால், இரண்டும்தான்.

எங்கள் விரிகுடாவில் ஒரு சூழ்ச்சி உண்டு. தண்ணீர் முன்னாலிருந்துதான் வரும் என்று மணலில் நிற்பவர்கள் நினைப்பார்கள். அதற்குள் பின்னால், கரையை ஒட்டி ஓடும் கால்வாய் சத்தமில்லாமல் நிரம்பிவிடும். திரும்பி வர வழி இருக்காது. அதனால் பல்கலைக்கழகத்தில் ஒரு விதி: யாரும் தனியாக மணலில் இறங்கக் கூடாது. கரைப் பாறைமேல் ஒருவர் நிற்க வேண்டும். கால்வாயில் ஒரு கம்பம் நட்டிருக்கிறது. அதிலுள்ள வெள்ளைப் பட்டையைத் தண்ணீர் தொட்டதும், படகுக்காரர்கள் வைத்திருக்கும் காற்று ஹாரனை ஊத வேண்டும். கேட்டதும் கிளம்பினால் முழங்கால் தண்ணீரில் கடந்து வந்துவிடலாம். தவறவிட்டவர்கள் எதிர்ப்பக்கம் போக வேண்டும். அங்கே கடலுக்குள் ஒரு சரளை மேடு இருக்கிறது. மீனவர்கள் அதை முதுகு என்பார்கள். அது எப்போதும் மூழ்காது. அதில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டே காத்திருந்தால் படகு வந்து ஏற்றிக்கொள்ளும்.

பாறைமேல் நின்றவன் நான். ஒவ்வொரு முறையும் நான்தான். மற்றவர்களுக்கு வகுப்பு இருந்தது. எனக்கும் இருந்தது, மாற்றிக்கொண்டேன்.

பட்டையைத் தண்ணீர் தொடுவதற்கு முன்பே ஊதிவிடுவேன். அவள் சேற்றுப் பூட்ஸோடு தொப்தொப்பென்று வந்து சேர்ந்து என்னைக் கேலி செய்வாள்.

"ஏன் டெஸ், தண்ணி இன்னும் அக்கரை அயர்லாந்துலயே இருக்கு. அதுக்குள்ள என்ன அவசரம் உங்களுக்கு?"

"ஒரு தடவை லேட்டா ஊதினேன்னு வெச்சுக்கோ, அப்புறம் கேலி பண்ண நீ இருக்க மாட்டே."

"அடேயப்பா. பயந்தாங்கொள்ளிப் பேராசிரியர் பயமுறுத்தறாரு, பாருங்க."

இதை நானே எழுதுகிறேன் என்பதைக் கவனியுங்கள். மறைக்க நினைப்பவன் இதை எழுத மாட்டான். அது வேடிக்கைப் பேச்சு. அன்றைக்கு அதில் வேறு எதுவும் இல்லை.

முந்நூறு சொற்கள் எழுத அவளுக்கு வராது. ஒருநாள் அவள் அறையில், சூளையிலிருந்து இறங்கிய ஜாடிகளுக்கு நடுவே உட்கார்ந்து அவளிடமிருந்து ஒரு கேள்வியைக் கறக்கப் பார்த்தேன்.

"நெரிஸ், இது எந்தக் கேள்விக்கு விடை?"

"எந்தக் கேள்விக்கும் இல்ல. கடல் ஜாடிக்குள்ள மூச்சு விடுது. அவ்ளோதான்."

"அவ்ளோதான்னு எழுதினா அரை நட்சத்திரம்கூடத் தர மாட்டாங்க."

"அப்ப நீங்களே ஒரு கேள்வி போட்டுக்கோங்க. உங்களுக்குத்தான் அதெல்லாம் கைவந்த கலை."

போட்டேன். ஒரு படைப்புக்குக் கடல் இணை ஆசிரியராக முடியுமா என்பது கேள்வி. கரையிலிருந்து ஒலிக்கும் ஹாரன் படைப்பின் ஓர் அங்கம்; அது மனித எச்சரிக்கைக்கும் கடலின் அலட்சியத்துக்கும் இடையிலான உரையாடல் என்றும் எழுதினேன். முந்தைய பதிவுகளில் என் ஹாரன் தெளிவாகக் கேட்கும். படித்துவிட்டு நெரிஸ் வாய்விட்டுச் சிரித்தாள். "நான் இவ்ளோ புத்திசாலியா, டெஸ்?" என்றாள். அவளுக்கு அது சிரிப்பு. எனக்கு அன்றிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. ஜாடி அவளுடையது, கடல் யாருடையதும் அல்ல, ஆய்வு என்னுடையது.

அடுத்து சந்தேகத்துக்கு வருகிறேன். சந்தேகப்படுவது எங்கள் தொழிலில் குணக்கேடு அல்ல, தகுதி. பெயர் மறைத்து வரும் மதிப்புரையை, அரைப்புள்ளி வைத்திருக்கும் அழகை வைத்தே யார் எழுதியது என்று சொல்லிவிடுவேன். பாராட்டிப் பேசுபவன் எதை மறைக்கிறான் என்று பார்ப்பதுதான் எனக்குப் பழக்கம். ஆகவே அந்த வசந்த காலத்தில் நெரிஸ் தன் புத்தகங்களைப் பெட்டி பெட்டியாக வீட்டுக்குக் கொண்டுபோனபோது எனக்கு மூக்கு வேர்த்தது. பொது அடுப்பறை அலமாரியிலிருந்து அவளுடைய கோப்பையையும் காணோம். கேட்டால், கூரை ஒழுகுகிறது, புத்தகம் நனைகிறது என்றாள். கூரை ஒழுகியது உண்மைதான். ஒழுகும் கூரையைப் போல வசதியான சாக்கு வேறு எது?

பிறகு ரயில் நிலையக் காபிக்கடையில் அவளைப் பார்த்தேன். எதிரே ஹ்யூகோ ஆஷ்கம். தெற்கேயுள்ள பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் கலைப்புலத் தலைவர். அவருக்கு வேறு எதுவும் தெரியாது. மதிப்பீடு நெருங்கும்போது சின்னத் துறைகளிலிருந்து நல்ல ஆட்களைக் கொத்திக்கொண்டு போகத் தெரியும். நெரிஸ் ஏதோ சொல்ல, அந்த மனிதர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நான் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தேன். என் காபி ஆறிப்போனது. 

அந்தச் சுற்றின் விதியையும் இங்கே சொல்லியாக வேண்டும். கணக்கெடுப்பு நாளன்று ஒருவர் எங்கே வேலையில் இருக்கிறாரோ, அவருடைய படைப்புகள் அங்கேதான் சேரும். ஆள் மாறினால், படைப்பும் மூட்டை கட்டிக்கொண்டு கூடவே போய்விடும். பல வருடம் கரையில் நின்று ஊதியவனுக்கு ஒன்றும் கிடையாது. கேள்வியைக் கொடுத்தவனுக்கும் கிடையாது. ஒரே ஒரு விலக்கு உண்டு. வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்துபோனால், அவருடைய படைப்புகள் அவர் இருந்த துறையிலேயே தங்கிவிடும். இறந்தவரின் உழைப்பு வீணாகக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் சேர்த்த விதி. அதை நான் எந்தத் திட்டமும் இல்லாமல்தான் படித்தேன். எல்லா விதிகளையும் படிப்பேன்.

அவளிடம் நேரடியாகக் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் சொன்னீர்கள். நேரடியாகக் கேட்டால் நேரடியாகப் பொய் சொல்வார்கள். சுற்றிவளைத்துத்தான் கேட்டேன். இறுதிப் பதிவுக்காக அவள் மணலில் இறங்கிய அன்று, பாறையடியில் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"இது முடிஞ்சதும் என்ன உத்தேசம்?" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு. "முடிஞ்சதும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், டெஸ். இப்ப இல்ல. திரும்பி வந்து, சூடா மீனும் சிப்ஸும் வாங்கி வெச்சுக்கிட்டுச் சொல்றேன். நல்ல விஷயந்தான்."

"எனக்கு நல்லதா, உனக்கு நல்லதா?"

"ரெண்டு பேருக்கும்தான், மனுஷா. எப்பப் பாரு மூஞ்சிய அப்படி வெச்சுக்கிட்டு."

என் தோளில் களிமண் கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கினாள். பிரிந்து போகிறவர்கள்தான் அப்படிப் பேசுவார்கள். பிலிப்பா பிஸ்கட் நகர்த்துவதும் இப்படித்தான். நெரிஸின் கோட்டுக்குப் பின்னால் மூடுபனி மூடிக்கொண்டது. ஜாடிகளும் தெரியவில்லை. கால்வாய்க் கம்பம் மட்டும் பக்கத்தில் இருந்ததால் நன்றாகத் தெரிந்தது.

இனி நடந்ததை நான் அலங்கரிக்க விரும்பவில்லை. ஹாரன் என் கையில் இருந்தது. நன்றாக வேலை செய்தது. தண்ணீர் கம்பத்தடியில் வந்து, ஏறி, வெள்ளைப் பட்டையைத் தொட்டது. நான் ஊதவில்லை.

என் மனநிலையைக் கேட்டீர்கள். கோபம் இல்லை. மூளை தெளிவாக இருந்தது. அவளை நான் கொல்லவில்லை என்றுதான் அப்போதும் எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஏனென்றால் முதுகு என்கிற அந்த மேடு இருக்கிறது. ஹாரன் கேட்கவில்லை என்றால், தண்ணீரைப் பார்த்ததும் அவளே எதிர்ப்பக்கம் நடந்து சரளை மேட்டில் ஏறிவிடலாம். அது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அப்படி ஏறிப் பிழைத்திருந்தால், ஹாரன் அடைத்துக்கொண்டது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டிருப்பேன். மீனும் சிப்ஸும் வாங்கித் தந்திருப்பேன். பிழைக்க வழி அவள் கையிலேயே இருந்தது. நான் வெறுமனே நின்றேன். நிற்பது குற்றமா என்று சட்டத்தைத்தான் கேட்க வேண்டும்.

மூடுபனிக்குள்ளிருந்து சற்று நேரம் ஏதோ சத்தம் வந்தது. கடல் பறவைகள் என்று எடுத்துக்கொண்டேன். பட்டை முழுதாக மறைந்தபின் கரைக்காவல் படைக்குப் போன் செய்தேன். குரல் நடுங்கியது. அது நடிப்பு அல்ல.

அடுத்த நாள் அவளைக் கால்வாயின் முகத்துவாரத்தில் எடுத்தார்கள். மரண விசாரணையில், மூன்று முறை ஊதினேன், அவள் வரவில்லை என்று சொன்னேன். சடங்குக்குக்கூட யாரும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. வேலை மும்முரத்தில் நேரத்தை மறப்பவள் என்று அவளுக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது. விபத்து என்று எழுதினார்கள். அவளுடைய தங்கை வேல்ஸிலிருந்து வந்திருந்தாள். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "கடைசியா அவகூட நீங்க இருந்தீங்களே, அதுவே எங்களுக்கு ஆறுதல்" என்றாள். அன்று இரவெல்லாம் தூக்கம் இல்லை. எனக்கு உணர்ச்சியே இல்லை என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

கடல் மறுபடி உள்வாங்கியதும் ஜாடிகளைத் தோண்டி எடுத்தார்கள். கருவிகள் பிழைத்திருந்தன. பதிவு முழுசாக இருந்தது. உங்கள் ஆட்கள் யாரும் அதைக் கேட்கவில்லை. விபத்து என்றபின் அவர்களுக்கு எதற்கு மண்ஜாடி முனகல்? என்னிடம் வந்து சேர்ந்தது. நான் முதல் எட்டு நிமிடம் கேட்டேன். அற்புதம். நடுவில் இரண்டு கேட்டேன், ஜாடிகள் எல்லாம் சேர்ந்து முழங்கிக்கொண்டிருந்தன. கடைசி ஒரு நிமிடம் வெறும் தண்ணீர். அவள் வாழ்நாளில் செய்ததிலேயே சிறந்தது அது. நான்கு நட்சத்திரம் என்று என் மனம் அப்போதே சொல்லிவிட்டது. முந்தைய ஆண்டு எழுதிய முந்நூறு சொற்களை எடுத்து, தேதியை மாற்றி, முன்னால் ஓர் இரங்கல் வரி சேர்த்து அனுப்பிவைத்தேன். கரையிலிருந்து ஒலிக்கும் ஹாரன் படைப்பின் ஓர் அங்கம் என்ற வரியும் அதோடு போய்விட்டது.

என் தவறு அதுதான். கொலைகாரன் யாரும் இப்படி ஒரு தவறைச் செய்ய மாட்டான். மதிப்பீட்டாளன்தான் செய்வான். நான் இத்தனை வருடம் எப்படிக் கேட்டேனோ, அப்படித்தான் உலகமும் கேட்கும் என்று நம்பினேன்.

மதிப்பீட்டுக் குழுவில் யூனிஸ் டிராபர் என்று ஒருவர் இருந்திருக்கிறார். அவர் பெயரை நீங்கள்தான் சொன்னீர்கள். சுருதி கூட்டுகிறவர் குடும்பத்திலிருந்து வந்தவர் என்றும், சாப்பிட்டபின் தூங்காதவர் என்றும் கேள்வி. ஹாரன் ஓர் அங்கம் என்று படித்துவிட்டு, அது எந்த இடத்தில் வருகிறது, படைப்பில் அதற்கு என்ன வேலை என்று தெரிந்துகொள்ள முழுப் பதிவையும் கேட்டிருக்கிறார். வரவில்லை. கருவி மாறியிருக்குமோ என்று மறுபடியும் முதலிலிருந்து கேட்டிருக்கிறார். மூன்றாவது முறை கேட்டுவிட்டு, காதிலிருந்து கருவியைக் கழற்றிவைத்து, உங்களுக்குப் போன் செய்திருக்கிறார். கறார் என்றால் இதுதான். எனக்கு அந்தப் பெண்மணிமேல் வருத்தம் இல்லை. உள்நோக்கம் இருக்குமோ என்று முதலில் தேடினேன், கிடைக்கவில்லை.

நீங்கள் வந்து இரண்டு விஷயங்கள் சொன்னீர்கள். ஒன்று, ஹ்யூகோ ஆஷ்கம் கொடுத்த வாக்குமூலம். அவர் நெரிஸை வேலைக்குக் கூப்பிட்டது உண்மை. அவள் சிரித்து மறுத்துவிட்டாளாம். அதற்குப் பதில், அவருடைய ஊரின் பெரிய கூடத்தில் 'நாற்பது வாய்கள்' காட்சிக்கு வைக்கச் சம்மதித்தாளாம். ஒரே நிபந்தனையோடு. படைப்பாளிகள் என்று இரண்டு பெயர் போட வேண்டும், அவளுடைய ப்ரோபர்ட், என்னுடைய த்ரெல்ஃபால். "கேள்வியெல்லாம் அந்த மனுஷனோடது. இத்தனை வருஷம் குளிர்ல நின்னு ஊதியிருக்காரு. அவரு பேரு இல்லாம நான் வர மாட்டேன்" என்றாளாம். மீன் சிப்ஸோடு எனக்குச் சொல்ல வைத்திருந்த நல்ல விஷயம் அதுவாம்.

ஹ்யூகோ இறந்தவர்களைப் பற்றி எப்போதுமே அழகாகப் பேசுவார். அதனால் இதை முழுதாக நம்ப நான் தயாரில்லை. நம்பினால் எனக்கு என்ன மிஞ்சும் என்றும் யோசித்துப் பார்த்தேன். என் பெயருக்குப் பக்கத்தில் நான்கு நட்சத்திரம் தானாகவே வந்திருக்கும். நான் பாறைமேல் நின்று ஒருமுறை ஊதியிருந்தால் போதும்.

இரண்டாவது, நீங்கள் அந்தப் பதிவை இந்த அறையிலேயே போட்டுக் காட்டியது. எட்டு நிமிடத்துக்கும் நடுவுக்கும் இடையில் நான் கேட்காமல் விட்ட பகுதி. ஜாடிகள் ஒவ்வொன்றாகச் சுருதி சேர்ந்துகொண்டிருக்கின்றன. அதற்கு மேலே நெரிஸின் குரல், ஏதோ ஒரு ஜாடிக்குப் பக்கத்திலிருந்து. முதலில் சாதாரணமாக, "டெஸ், இன்னிக்கி என்ன, ஊதவே காணோம்?" பிறகு சற்று உரக்க, "டெஸ்?" மறுபடியும் என் பெயர். பிறகு பூட்ஸ் கால்கள் தண்ணீரில் ஓடும் சத்தம். "விழுந்துட்டீங்களா? டெஸ், அசையாதீங்க. அப்படியே இருங்க. நான் வந்துட்டே இருக்கேன்."

ஓடும் சத்தம் முதுகு மேட்டின் பக்கம் போகவில்லை. கருவி இருந்த ஒவ்வொரு ஜாடியிலும் அது கேட்கும் வரிசையை வைத்து உங்கள் ஆட்கள் வரைபடம் போட்டிருக்கிறார்கள். கரைப்பக்கம் போகிறது. கால்வாய்க்கு. என்னிடம்.

"அவங்களுக்கு அந்த மேடு தெரியும். நேரா அங்க போயிருந்தா உயிரோட இருந்திருப்பாங்க. உங்களைக் காப்பாத்தத்தான் ஓடியிருக்காங்க" என்றீர்கள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தீர்கள். நான் தண்ணீர் கேட்டேன். நீங்கள் கொடுத்தீர்கள். 

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஹாரன் என் கையில் இருந்தது, நான் ஊதவில்லை, அவள் சாவாள் என்று தெரிந்தேதான் ஊதவில்லை. கையெழுத்தும் போடுகிறேன். நீங்கள் கேட்ட கடைசிக் கேள்வி ஒன்றுதான் பாக்கி. அனுப்புவதற்கு முன் முழுப் பதிவையும் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்றீர்கள். யோசித்துத்தான் சொல்கிறேன். அவள் என்னைக் கூப்பிடும் அந்தப் பகுதியை வெட்டி எடுத்திருப்பேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ள அல்ல, தயவுசெய்து அப்படி எழுதிவிடாதீர்கள். அந்த ஒரு இடத்தில்தான் படைப்பு கொஞ்சம் தளர்ந்துபோகிறது.